ஆனந்தின் பி7 பிஷப்பைக் கவனியுங்கள்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்குப் பார்க்கப்போவது 2013 ஜனவரியில் நெதர்லாந்தின் விக் ஆன் ஸீயில் நடந்த செஸ் ஆட்டம். வெள்ளையில் லெவோன் அரோனியன், கறுப்பில் விஸ்வநாதன் ஆனந்த். அப்போது உலக சாம்பியன் அவர்தான். மொத்தமே 23 நகர்த்தல்கள். போர்டைக் கறுப்புப் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறேன். பி7 கட்டத்துக்கு வரப்போகிற பிஷப்பை மட்டும் கண்ணை எடுக்காமல் பாருங்கள்.

ஓப்பனிங், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முறை, செமி-ஸ்லாவ்; அதில் மெரான் என்ற கிளை. சி6, டி5, இ6 என்று சிப்பாய்களை அடுக்கியதும் இந்த பிஷப் உள்ளே மாட்டிக்கொள்ளும். அதனாலேயே பலர் இந்த ஓப்பனிங்கை மந்தமானது என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே கிடையாது. கறுப்பு சி4-ஐ வெட்டி, பி5 தள்ளி, பிஷப்பை பி7-இல் வைத்து, சரியான நேரத்தில் சி5 போட்டால் வெள்ளை ராஜாவின் வாசல் வரைக்கும் வழி திறந்துவிடும். இங்கே நடந்தது அதுதான்.

அரோனியன் குதிரையால் ஹெச்7 சிப்பாயை வெட்டி யானையைத் தாக்குகிறார். ஆனந்த் அதைக் கண்டுகொள்ளாமல் தன் குதிரையை ஜி4-க்குக் கொண்டுபோகிறார். 16-ஆவது நகர்த்தலில் இன்னொரு குதிரை இ5-க்கு வருகிறது. எஃப்4 சிப்பாய் அதை அப்படியே வெட்டலாமே என்று தோன்றும். வெட்டினால் ராணி டி4-இல் செக், ராஜா மூலைக்கு ஓட, ராணி ஜி1-இல் தன்னையே பலி கொடுக்கும், யானை வெட்டியதும் குதிரை எஃப்2-இல் மேட்! 2012-இல் இஸ்ரேலின் போரிஸ் கெல்ஃபாண்டுடன் ஆடிய உலக சாம்பியன்ஷிப்புக்காக ஆனந்த் தயாரித்து வைத்திருந்த சரக்கு இது.

எனக்கு இதைவிடப் பிடித்தது 19-ஆவது நகர்த்தல். அரோனியன் யானையை வெட்டிவிட்டார், ஹெச்7-இல் ராணி செக்கும் தயாராக இருக்கிறது. ஆனந்த் திருப்பி வெட்டவில்லை. எஃப்5 என்று ஒரு சிப்பாயைத் தள்ளி ராணியின் வழியை அடைக்கிறார். எவ்வளவு நிதானம் பாருங்கள்! 1907-இல் லோட்ஸ் நகரில் பழைய செஸ் மேதை ரூபின்ஸ்டைன் ரோட்லெவிக்கு எதிராக ஆடிய ஆட்டத்திலும் இப்படித்தான், இரண்டு பிஷப்களும் ராஜாவைக் குறிவைத்து நிற்கும்.

கடைசியில் அரோனியனின் ராணி டி3-இல் நின்று ஹெச்3 சிப்பாயைக் காக்கிறது. ஆனந்த் இன்னொரு பிஷப்பை இ3-இல் வைத்து அந்தக் காவலை மறிக்கிறார். அதை வெள்ளை பிஷப்பால் வெட்டினால் கறுப்பு ராணி ஹெச்3-ஐ வெட்டி செக். ஜி2 சிப்பாயால் திருப்பி வெட்டவும் முடியாது, பி7 பிஷப் அதைக் கட்டிப்போட்டிருக்கிறது; அது நகர்ந்தால் ராஜா அந்த பிஷப்பின் தாக்குதலில் சிக்கும். அரோனியன் அங்கேயே ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.