பவுன் காசை தண்ணியில எடை போட்டு அடர்த்தி பார்க்கிறது எப்படி?

எல்லாருக்கும் வணக்கம். ஒரு பவுன் காசை உரசாம, உருக்காம, அதோட அடர்த்தியை வீட்டுலயே அளக்கப் போறோம். வேணுங்கிறது மூணுதான்: 0.01 கிராம் வரைக்கும் காட்டுற டிஜிட்டல் தராசு, சின்ன கண்ணாடி டம்ளர், மெல்லிசான தூண்டில் நரம்பு. தையல் நூல் தண்ணியை உறிஞ்சும், அது வேண்டாம்.

முதல்ல காசைக் காய்ஞ்சபடியே நிறுத்துருங்க. 8.00 கிராம். இப்போ முக்கால் டம்ளர் தண்ணியைத் தராசுல வச்சு, டேர் பட்டனை அழுத்தி பூஜ்யமாக்குங்க. காசை நரம்புல கட்டி தண்ணிக்குள்ள தொங்க விடுங்க. முழுசா முங்கணும், ஆனா அடியிலயோ பக்கத்துலயோ இடிக்கக் கூடாது. அடியில உட்கார்ந்துட்டா எண் சட்டுன்னு 8க்கு ஏறிடும், அப்பவே தெரிஞ்சுரும். கையில பிடிச்சா எண் நிக்காது. ரெண்டு பக்கமும் புத்தகம் அடுக்கி, குறுக்க ஒரு கரண்டி வச்சு அதுல கட்டுங்க. ஃபேனை நிறுத்திடுங்க.

தராசு இப்போ 0.45 காட்டுது. காசு விலக்கின தண்ணியோட எடை அது. ஒரு கிராம் தண்ணி கிட்டத்தட்ட ஒரு மில்லி, அதனால கன அளவும் அதேதான். 8.00ஐ 0.45ஆல வகுத்தா 17.78. 22 கேரட்ல கலந்திருக்கிறது செம்பா வெள்ளியாங்கிறதைப் பொறுத்து 17.6ல இருந்து 18 வரைக்கும் வரும். 18 கேரட்னா 15, 16தான். பித்தளை 8.5 பக்கம் நின்னுடும்.

இந்த ரெண்டாவது எண்லதான் எல்லாமே இருக்கு. 0.45 வர்ற இடத்துல 0.46 வந்தாலே விடை 17.39 ஆயிடும். மாவு நிறுக்கிற தராசு 0.4, இல்லன்னா 0.5ன்னுதான் காட்டும்; அதாவது 20, இல்லன்னா 16! அதே சமயம் 5 பவுன் வளையல்னா 40ஐ 2.25ஆல வகுக்கிறோம், 0.01 தப்பினாலும் விடை 0.08தான் நகரும். எடை கூடக் கூட நம்பிக்கையா சொல்லலாம்.

அடுத்த எதிரி காத்துக் குமிழி. ரெண்டு மில்லிமீட்டர் குமிழி அஞ்சு ஒட்டினாலே 0.02 கூடிடும், நல்ல தங்கம் 17.0ன்னு காட்டும். கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணியில ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட் விடுங்க, காசை முக்கி நரம்பை லேசா சுண்டுங்க. கல் பதிச்சது, அரக்கு அடைச்சது, உள்ள கூடா இருக்கிற நகைக்கு இந்த முறை சரிப்படாது.

நம்ம ஊர் தண்ணி 30 டிகிரி இருந்தா, விடையை 0.996ஆல பெருக்குங்க. 17.78ங்கிறது 17.71 ஆகும். காசுக்கு இது பெருசில்ல. 24 கேரட் கட்டிக்கு ரொம்பப் பெருசு, ஏன்னா தங்கம் 19.32, போலிக் கட்டிக்குள்ள ஒளிச்சு வைக்கிற டங்ஸ்டன்ங்கிற உலோகம் 19.25; ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசமே அவ்வளவுதான். 100 கிராம் கட்டியிலகூட இந்தத் தராசுல 5.18க்கும் 5.19க்கும் உள்ள இடைவெளிதான். அதனால கட்டியை இதை வச்சு முடிவு பண்ணாதீங்க, உள்ள ஒலியை அனுப்பிப் பார்க்கிற அல்ட்ராசோனிக் கருவி இருக்கிற இடத்துக்குக் கொண்டு போங்க. ஒலி தங்கத்துல நொடிக்கு சுமார் 3,200 மீட்டர் போகும், டங்ஸ்டன்ல 5,200. அங்க ஒளிய முடியாது.