ரோச்டேல் இசையும் நமக்கு வேண்டிய கேட்பறையும்

(மதுரை சிம்மக்கல்லில் நடந்த மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, நமது வார்டு மாமன்ற உறுப்பினர் அவர்களே, கூட்டுறவுத் துறையில் நெடுங்காலம் பணியாற்றி, ஓய்வு பெற்றும் ஓயாமல் உழைக்கும் ஐயா அவர்களே, இசை ஆசிரியப் பெருமக்களே, செல்லூரிலிருந்து தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தோழர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். மாமன்ற உறுப்பினர் அவர்களுக்கு இந்நேரம் ஒரு திருமண வரவேற்பு இருக்கிறது. அதைத் தள்ளிவைத்துவிட்டு நம்மோடு உட்கார்ந்திருக்கிறார். முதல்வர் அம்மாவோ ஒரு வேன் நிறைய மாணவிகளை அழைத்து வந்திருக்கிறார்கள். கூட்டுறவு ஐயாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்றைய பொழுது போதாது. எனக்கு உறுப்பினர் படிவம் நிரப்பக் கற்றுக்கொடுத்த கை அது. மூவருக்கும் என் நன்றி.

புரியாத இசையை எப்படிக் கேட்பது என்பதுதான் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. மூன்று விஷயங்கள் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஆட்டெக்கர் என்ற பெயரில் இயங்கும் இருவர் 2001இல் வெளியிட்ட ‘கன்ஃபீல்ட்’ என்ற மின்னணு இசைத்தட்டை நம்மூர்க்காரர்கள் கேட்டு என்ன சொன்னார்கள் என்பது ஒன்று. காது அதை ஏன் ஏற்க மறுக்கிறது என்பது இரண்டு. கணினி தாளம் போடும்போது அந்தத் தாளம் யாருடையது என்பது மூன்று.

ராப் பிரவுன், ஷான் பூத் என்பவைதான் அந்த இருவரின் பெயர்கள். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்தில் இருக்கும் ரோச்டேல் அவர்களுடைய ஊர். பருத்தி ஆலை ஊர். ஹார்வி மில் சங்குச் சத்தத்துக்கு எழுந்த மதுரைக்காரர்களுக்கு அந்த ஊரை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ‘கன்ஃபீல்ட்’ தட்டில் 9 உருப்படிகள், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். மேக்ஸ் என்ற மென்பொருளில் தாளம் எப்படி மாற வேண்டும் என்று விதிகளை எழுதி ஓடவிட்டு, பிறந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய தட்டுகளில் மனதில் நிற்கும் மெட்டு இருந்தது. அவற்றை உயிராக நேசித்தவர்களே இந்தத் தட்டு வந்ததும் இரண்டாகப் பிரிந்தார்கள். இதில் இசையே இல்லை என்று ஒரு சாரார் கோபப்பட்டார்கள். இவர்கள் செய்ததிலேயே இதுதான் உச்சம் என்று இன்னொரு சாரார் இன்றும் சொல்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திறந்தவெளியில் இளைஞர்கள் கூடி விடிய விடிய ஆடுவதை அடக்க இங்கிலாந்து அரசு 1994இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வரும் அடிகள் என்று அந்தச் சட்டமே அந்த இசைக்கு விளக்கம் எழுதியது. அதை எதிர்த்து இவர்கள் ‘ஆன்ட்டி’ என்றொரு தட்டைக் கொண்டுவந்தார்கள். ஒரு சுற்றில் வந்த அடி அடுத்த சுற்றில் அப்படியே வராதபடி அதில் ஓர் உருப்படியைச் செய்தார்கள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று நம்முடைய பாட்டிகள் சொன்னார்கள் அல்லவா? அந்த அடிமேல் அடிக்கு ஓர் அரசாங்கமே பயந்திருக்கிறது!

சரி, நம்மூருக்கு வருகிறேன். செல்லூரில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் இந்தத் தட்டைப் போட்டுக் கேட்பது என்று முடிவு செய்தோம். பந்தலுக்கும் காதுகுத்துக்கும் செட் போடுகிற தம்பி ஒருவர் இரண்டு பெரிய பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார். முதல் உருப்படி ஆரம்பித்தது. உலோகம் உருளுவது போல ஒரு சத்தம் வந்து, சுற்றிச் சுற்றி நிற்காமல் ஓடுகிறது. தம்பி ஓடிவந்து நிறுத்தினார். “அண்ணே, சி.டி. தேஞ்சிருக்குண்ணே.” சட்டை நுனியில் தட்டைத் துடைத்தார், மறுபடி போட்டார். அதே சத்தம். மறுபடி நிறுத்தினார். இந்த முறை ஒயரைப் பிடுங்கி, முனையைப் பல்லால் கடித்துச் சீவி, புதிதாக முறுக்கிச் சொருகினார். அதே சத்தம். “தம்பி, பாட்டே அதுதான்” என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அப்ப செட் மேல குத்தம் இல்லைல்ல?” என்று கேட்டார். இல்லை என்றதும்தான் உட்கார்ந்தார்.

அப்புறம் கீழ்வீட்டு அக்கா படியேறி வந்தார்கள். “ஏப்பா, மோட்டாரு ஏர் எடுக்குது, யாரும் கவனிக்கலையா?” பாட்டு என்று சொன்னோம். நம்பவில்லை. தொட்டி வரை போய், மூடியைத் திறந்து, தண்ணீரைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். இரண்டு கல்லூரிப் பையன்கள் தலைவலி என்று கிளம்பிவிட்டார்கள். நையாண்டி மேளத்தில் உறுமி வாசிக்கும் அண்ணன் ஒருவர் மட்டும் பேசவில்லை. தொடையில் ஒரு கையால் அடி, இன்னொரு கையின் கட்டைவிரலால் வேட்டியில் இழுப்பு என்று கணக்குப் பிடித்துக்கொண்டிருந்தார். தட்டு முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார்.

இரண்டாம் தடவை ஓடும்போதுதான் மூலையில் உட்கார்ந்திருந்த தறிக்காரப் பெரியவர் வாய் திறந்தார். “ஐயா, ஏழு தறி ஒரு சீரா ஓடுது. எட்டாவது தறி மட்டும் கொஞ்சங் கொஞ்சமா பின்தங்குது. அப்படியே பின்தங்கிப் போயி ஒரு எடத்துல எல்லாத்தோடயும் சேந்துக்குது. கவனிச்சீகளா?” நான் கவனித்திருக்கவில்லை. அவர் சொன்ன பிறகு கேட்டால், தனித்தனி வேகத்தில் ஓடும் அடிகள் விலகி விலகி வந்து ஒன்றுசேர்கின்றன! எத்தனையோ விமர்சனம் படித்திருக்கிறேன். அந்தப் பெரியவரை விடத் துல்லியமாக யாரும் எனக்குச் சொல்லவில்லை. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். மாடியில் அன்று நகர்ந்தது எங்கள் காது.

காது மறுப்பதற்குக் காரணம் சுருக்கமானதுதான். அடுத்த அடி எங்கே விழும் என்று மனம் முன்கூட்டியே எதிர்பார்க்கிறது. எதிர்பார்ப்பு தொடர்ந்து தப்பினால் களைத்துப்போகிறது. திரும்பக் கேட்டால் புது ஒழுங்கைக் கற்றுக்கொள்கிறது. ஆனால் எதில் கேட்கிறோம் என்பதும் முக்கியம். கைப்பேசியில் விரல் நகம் அளவு ஒலிபெருக்கி. அது எவ்வளவு காற்றைத் தள்ளும்? அடிநாதம் முழுக்கப் போய்விடுகிறது. பாதி இசையைக் கேட்டுவிட்டு முழு இசைக்குத் தீர்ப்பு எழுதுகிறோம். நல்ல பெட்டி வாங்கத் தனி ஆளால் முடியுமா? முடியாது. சேர்ந்தால் முடியும்.

அதற்குத்தான் மறுபடி ரோச்டேலுக்குப் போகிறேன். 1844 டிசம்பர் 21, அந்த ஊரின் டோட் லேன் தெருவில், நெசவாளர்களும் மற்றத் தொழிலாளர்களுமாக 28 பேர் சேர்ந்து ஒரு கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவர்த்தி என்று கொஞ்சம் சரக்கு. கலப்படம் கிடையாது, எடையில் ஏமாற்று கிடையாது. உலகக் கூட்டுறவு இயக்கம் தன் பிறப்பிடம் என்று அந்தக் கடையைத்தான் சொல்கிறது. 1904இல் நம் திருவல்லிக்கேணிப் பண்டகசாலையும் பிறந்துவிட்டது. ரோச்டேல்காரர்கள் அரிசி பருப்போடு நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கு ஒதுக்கி, வாசிப்பறையும் நூலகமும் வைத்தார்கள். வயிற்றுக்கும் அறிவுக்கும் ஒரே சங்கம். பாலுக்கும் துணிக்கும் கடனுக்கும் நம்மிடம் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. கேட்பதற்கு ஏன் இருக்கக் கூடாது?

நான் கேட்பது ஒரு கேட்பறை. ஓர் அறை, இரண்டு நல்ல பெட்டிகள், பாய், மின்விசிறி. உறுப்பினர் பங்கு 100 ரூபாய். நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரே ஓட்டு. ஆட்டெக்கரும் ஓடட்டும், மதுரை சோமுவும் ஓடட்டும், உறுமி அண்ணனும் நேரில் வந்து வாசிக்கட்டும். மாமன்ற உறுப்பினர் அவர்களிடம் இந்த மேடையிலேயே கேட்கிறேன். நம் வார்டு சமுதாயக் கூடத்தில் பகலில் காலியாக இருக்கும் பக்கத்து அறையை வாரம் ஒருநாள் எங்களுக்குத் தர வேண்டும். போன வருடமும் மனு கொடுத்தேன், இந்த வருடமும் கொடுக்கிறேன், அடுத்த வருடமும் கொடுப்பேன். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்றாவது விஷயத்தை இன்னொரு மேடையில் பேசலாம். வாசலில் மேஜை போட்டிருக்கிறோம். மனுவின் நகலும் உறுப்பினர் படிவமும் அங்கே இருக்கின்றன. பேனாவும் உண்டு. பணம் இன்று வேண்டாம், கையெழுத்தும் முகவரியும் போதும். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் கூட்டுறவு ஐயாவிடம் போங்கள், அவர் உட்கார்ந்து எழுதித் தருவார். நன்றி, வணக்கம்.