ஒரு வரியைத் திருப்பிச் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு நான் கவிதை வாசிக்கப் போவதில்லை. அடுத்தவர் கவிதையை வாசித்துவிட்டு என்ன சொல்வது என்பதைப் பற்றித்தான் பேச்சு. ஏனென்றால் உங்களில் பலர் திரும்பத் திரும்ப ஒரே மனக்குறையை எழுதுகிறீர்கள். "கவிதை போடுகிறேன், இதயம் வருகிறது, கைதட்டல் வருகிறது, 'அருமை தோழர்' வருகிறது. ஆனால் கவிதை எப்படி இருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை."

நியாயமான குறைதான். வேலை முடித்து, வீட்டுக் காரியம் முடித்து, தூங்கப் போகும் முன் கைபேசியில் நாலு வரி தட்டுகிற நம்மைப் போன்றவர்களுக்குப் பதிப்பாசிரியர் கிடையாது, விமர்சகர் கிடையாது. நம் கவிதையைப் படிப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் தாங்களும் கவிதை எழுதுகிறவர்கள். அவர் எழுதியதை நான் படிக்கிறேன், நான் எழுதியதை அவர் படிக்கிறார். அவ்வளவுதான் நம் வாசகர் உலகம். நாமே ஒருவருக்கொருவர் சோம்பலாகப் பதில் போட்டால், எல்லோர் எழுத்தும் இருந்த இடத்திலேயே கிடக்கும்.

"அருமை" என்று போடுகிறவர்களை நான் கிண்டல் செய்யவில்லை. முதன்முதலாகத் தயங்கித் தயங்கி ஒரு கவிதையை வெளியே விட்டவருக்கு அந்த ஒரு சொல் போதும், அன்றைக்கு அவர் நன்றாகத் தூங்குவார். அதே ஆளுக்கு ஆறு மாதம் கழித்தும் அதே சொல்தான் வருகிறது என்றால், அப்போதுதான் அவர் நம்மைச் சந்தேகப்பட ஆரம்பிக்கிறார். படித்தாரா, இல்லை கட்டை விரலை மட்டும் நகர்த்தினாரா?

நான் கடைப்பிடிக்கிற வழி மிகச் சின்னது. கவிதையில் என்னைப் பிடித்து நிறுத்திய வரியை அப்படியே எடுத்துத் திருப்பி எழுதுவேன். அதற்குக் கீழே, அந்த வரியில் நான் என்ன பார்த்தேன் என்று ஒரு வாக்கியம். "நன்றாக இருக்கிறது" என்று சொல்லக்கூடத் தேவையில்லை. எந்த வரி போய்ச் சேர்ந்தது என்பதே எழுதியவருக்குப் பெரிய செய்தி. பல நேரம் அவர் உயிரைக் கொடுத்து எழுதிய வரியை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். போகிற போக்கில் எழுதிய வரியை மூன்று பேர் எடுத்துப் போட்டிருப்பார்கள். அதைவிட நல்ல பாடம் ஏது?

ஒரு கவிஞர் இன்னொரு கவிஞரைப் பாராட்டுவது நமக்குப் புதிதும் இல்லை. புறநானூற்றில் 53ஆவது பாட்டைப் பாருங்கள். பொருந்தில் இளங்கீரனார் பாடியது. மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்ற சேர மன்னனைப் பாட வந்தவர், நடுவில் தன் தொழில் சங்கடத்தைச் சொல்லிப் புலம்புகிறார். உன் புகழை "விரிப்பின் அகலும், தொகுப்பின் எஞ்சும்" என்கிறார். விரித்துப் பாடினால் நீண்டுகொண்டே போகிறது, சுருக்கினால் ஏதோ விட்டுப்போகிறது. எழுதுகிற எல்லோருக்கும் தெரிந்த தலைவலி இது! அப்புறம், புலவர் கபிலன் இன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று அந்த மன்னன் சொன்னதைத் தன் பாட்டில் எடுத்துச் சொல்கிறார். அந்தக் கபிலரை எப்படிச் சொல்கிறார் தெரியுமா? "செறுத்த செய்யுள் செய் செந்நாவின்" என்று. செறிவான செய்யுள் செய்யும் நாக்கு. தனக்கு எது கைவரவில்லையோ, அது கபிலருக்குக் கைவந்ததைக் குறிப்பாக எடுத்துச் சொல்கிறார். "சிறந்த புலவர்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் அந்த வரி எனக்கு நினைவில் நின்றிருக்காது.

சரி, ஒரு கவிதையை வைத்தே பேசலாம். யாரையும் இழுக்க வேண்டாம், இந்த வீடியோவுக்காக நானே எழுதியது.

பரணில் இருந்து இறக்கிய
மிதிவண்டிக்கு
இன்னும் மூன்று சக்கரம்.
காலம்தான் எவ்வளவு வேகமாக ஓடுகிறது!

இது ஒரு குரூப்பில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பூங்கொத்து போடுவார். ஒருவர் "வாழ்வின் நிதர்சனம்" என்பார். இந்த "நிதர்சனம்" எல்லாக் கவிதைக்கும் பொருந்துகிறது, அதுதான் அதில் உள்ள சிக்கல். இன்னொருவர் நேராக, "கடைசி வரி தேவையில்லை, வெட்டுங்கள்" என்பார். அவர் சொல்வது சரிதான். மூன்றாவது வரியிலேயே கவிதை முடிந்துவிட்டது. வண்டி அப்படியே இருக்கிறது, ஓட்டிய குழந்தை அப்படி இல்லை என்று வாசகருக்கே புரிந்துவிட்டது. நாலாவது வரி வந்து அதற்கு உரை எழுதுகிறது. நம்மில் பாதிப் பேருக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது, வாசகருக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற பயம்.

ஆனால் "வெட்டுங்கள்" என்று உத்தரவு போட்டால் எழுதியவர் மனது அங்கேயே மூடிக்கொள்ளும். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: "'இன்னும் மூன்று சக்கரம்' என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். 'இன்னும்' என்ற சொல்லிலேயே எனக்கு அந்தக் குழந்தை எவ்வளவு வளர்ந்துவிட்டது என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த வரி எனக்குப் புதிதாக எதுவும் காட்டவில்லை." இதில் நான் எதையும் வெட்டச் சொல்லவில்லை. படித்தபோது எனக்குள் என்ன நடந்தது என்று மட்டும் சொன்னேன். வெட்டுவதா வைப்பதா என்பது அவர் பாடு. அவர் கவிதை அது.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது, ஆனால் கொஞ்சம் கூச்சம் விட வேண்டும். அவர் கவிதையை நீங்கள் சத்தமாக வாசித்து, குரல் பதிவாக அவருக்கு அனுப்புங்கள். தன் கவிதையை அடுத்தவர் வாயிலிருந்து கேட்பது வேறு அனுபவம். எங்கே மூச்சு வாங்குகிறது, எங்கே நாக்கு இடறுகிறது, எந்த வரியை வேகமாகக் கடந்துவிடுகிறோம் என்று அவரே கேட்டுவிடுவார். அந்த நாலாவது வரிக்கு வரும்போது உங்கள் குரல் தானாகவே மேடைப் பேச்சாளர் குரலாக மாறும் பாருங்கள். நீங்கள் ஒரு குறையும் சொல்ல வேண்டாம்.

இப்போது மரபுக்கவிதை எழுதுகிறவர்கள் பக்கம் வருகிறேன். வெண்பா எழுதிப் பழகும் குழுக்களில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். அங்கே ஒருவர் திருத்தினால் மற்றவர் கோபித்துக்கொள்வது அபூர்வம். "இரண்டாவது அடியில் தளை தட்டுகிறது" என்பார் ஒருவர், அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு விதிப்படி இணையவில்லை. "ஆமாம், மாற்றிவிட்டேன்" என்பார் மற்றவர். முடிந்தது. "வந்தான் சூரியன்" என்று வெண்பாவில் எழுதினால் தட்டும். "வந்தான்" தேமா, அதாவது மாச்சீர் வகை; மாச்சீருக்கு அடுத்து நிரையசை ("கதி" போலக் குறிலில் தொடங்கும் ஈரெழுத்து அசை) வர வேண்டும், ஆனால் "சூரியன்" நேரசையில் ("சூ" என்ற ஓரெழுத்து அசை) தொடங்குகிறது. "வந்தான் கதிரவன்" என்று மாற்றினால் சரியாகிவிடும். வானத்தில் அதே ஆள்தான், இலக்கணமும் திருப்தி. இங்கே குறை சொன்னவர் தன் ரசனையைத் திணிக்கவில்லை, இருவருக்கும் பொதுவான விதியைக் காட்டுகிறார். அதனால் வலிப்பதில்லை.

புதுக்கவிதையில் அப்படி ஒரு பொது அளவுகோல் கையில் இல்லை. "இந்த வரி சரியில்லை" என்றால் "என் ரசனைக்குச் சரியில்லை" என்றுதான் அர்த்தம், கேட்கிறவருக்கு அது "நீ சரியில்லை" என்று காதில் விழும். அதனால்தான் அங்கே சண்டையும் அதிகம், பொய்ப் பாராட்டும் அதிகம். ஆனால் மரபுக் குழுவிலும் ஒரு ஆபத்து உண்டு. தளை சரி, எதுகை சரி, மோனை சரி என்று டிக் அடித்துவிட்டு, அந்த வெண்பா ஏதாவது சொல்கிறதா என்று யாரும் கேட்பதே இல்லை. இலக்கணம் தேறியும் உயிரில்லாத வெண்பாக்களுக்கு எத்தனை கைதட்டல்! வெண்பா நண்பர்களே, என்மேல் கோபப்படாதீர்கள், உங்களுக்கும் இது தெரியும்.

திருத்தவே கூடாத நேரம் ஒன்று இருக்கிறது. அம்மா இறந்த வாரத்தில் ஒருவர் கவிதை போடுகிறார். ஒற்றுப்பிழை இருக்கும், உவமை பழசாக இருக்கும், வரி எங்கெங்கோ உடைந்திருக்கும். அங்கே போய் "'அம்மாவை பார்த்தேன்' அல்ல, 'அம்மாவைப் பார்த்தேன்', ப் மிகும்" என்று எழுதுகிற புண்ணியவான்களை நான் பார்த்திருக்கிறேன். ஐயா, அவர் கவிதைப் பயிற்சிக்கு வரவில்லை. அழ ஓர் இடம் தேடி வந்திருக்கிறார். அங்கேயும் வரியைத் திருப்பிச் சொல்லும் வழி உதவும். "'அவள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து வைத்தேன்' என்ற வரியில் கண் கலங்கிவிட்டது" என்று எழுதுங்கள், போதும். சில மாதம் கழித்து அவரே அதைத் தொகுப்பில் சேர்க்கப் பார்க்கும்போது, தனியாக, அவர் கேட்டால், அந்த "ப்" பற்றிப் பேசிக்கொள்ளலாம்.

எழுத்துப்பிழையை எல்லோர் முன்னாலும் சொல்லாமல் தனிச் செய்தியில் சொல்வது எல்லா நேரத்துக்கும் நல்லது. இரண்டு நிமிட வேலை, ஒருவரின் மானம் மிச்சம்.

கொடுக்கல் வாங்கல் பற்றியும் கேட்டிருந்தீர்கள். "நான் அவருக்கு இதயம் போட்டேன், அவர் எனக்குப் போடவில்லை" என்ற கணக்கு. இந்தக் கணக்கில் இறங்கினால் கவிதை போய்விடும், கணக்கு மட்டும் மிஞ்சும். நாள் முழுக்கத் தன் கவிதையை மட்டும் கொட்டிவிட்டு, அடுத்தவர் வரியை ஏறிட்டும் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள், அவர்களை விட்டுவிடுங்கள். அவர்களுக்காக வேறு யாரையும் படிக்காமல் இருந்தால் நஷ்டம் உங்களுக்கு. இன்னொன்று, பிடித்த கவிதையைப் பகிரும்போது எழுதியவர் பெயரை விடாமல் போடுங்கள். அது பாராட்டே இல்லை, அடிப்படை நாணயம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கவிதைக்குக் கவிதையாலேயே பதில் சொல்வது. நம் இரட்டைப் புலவர்கள் இதில் கில்லாடிகள். இளஞ்சூரியர், முதுசூரியர். ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவரால் நடக்க முடியாது. ஒருவர் இரண்டு அடி பாடி நிறுத்த, மற்றவர் மிச்சத்தைப் பாடி முடிப்பாராம். அவர்களைப் பற்றி வழங்கும் கதையில் குளத்தில் துணி துவைக்கும்போது துணி கை நழுவிப் போய்விடுகிறது. நாம் அதைத் தப்பினால் அது நம்மைத் தப்பாதோ என்று ஒருவர் குறும்பாகப் பாடி நிறுத்துகிறார். கல்லில் அடித்துத் துவைப்பதும் தப்புவது, தப்பி ஓடுவதும் தப்புவது. மற்றவர் அந்தச் சிரிப்பைக் கெடுக்காமல், இந்தக் கலிங்கம் போனால் போகட்டும், சொக்கலிங்கம் துணை இருக்கிறதே என்று முடிக்கிறார். கலிங்கம் என்றால் துணி. நண்பர் சொல்லில் விளையாடினார், இவரும் சொல்லிலேயே விளையாடி, பாட்டை வேறொரு உயரத்துக்குக் கொண்டுபோய்விட்டார். ஒருவர் வரியை இதற்கு மேல் கவனமாகக் கேட்க முடியாது.

இன்னொன்று சொல்கிறேன், ஹைக்கூ எழுதுகிறவர்கள் காது கொடுங்கள். நாம் ஹைக்கூவைத் தனியாக உட்கார்ந்து எழுதும் வடிவமாக நினைக்கிறோம். அது பிறந்தது கூட்டத்தில். ஜப்பானில் ரெங்கா என்று தொடர்கவிதை பாடுவார்கள். 5-7-5 அசையில் ஒருவர் தொடங்க, 7-7 அசையில் அடுத்தவர் பதில் சொல்ல, அப்படியே நீளும். வழக்கமாக விருந்தினர் தொடங்குவார், வீட்டுக்காரர் இரண்டாவது கண்ணியைச் சொல்வார். ஜப்பானியக் கவிஞர் பாஷோ காலத்தில் இப்படி 36 கண்ணிகள் கொண்ட வடிவம் பரவலாக இருந்தது. அந்தத் தொடக்கக் கண்ணிதான் பிறகு தனியாகப் பிரிந்து, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஷிகி என்ற கவிஞர் கையில் ஹைக்கூ என்று நிலைபெற்றது. ஆக, நாம் எழுதும் மூன்று வரி, ஒரு காலத்தில் எதிரே இருப்பவரின் பதிலுக்காகக் காத்திருந்த மூன்று வரி.

அந்த மிதிவண்டிக்கு ஒரு பதில் பாருங்கள்:

ஏறி உட்கார்ந்தேன்.
மிதிக்க மிதிக்கத்
தாடையில் இடிக்கிறது முழங்கால்.

வளர்ந்த குழந்தையே வந்து பேசிவிட்டது. "கடைசி வரி வேண்டாம்" என்று விளக்க வேண்டிய அவசியமே வரவில்லை. இதைப் படித்ததும், தன் நாலாவது வரி எவ்வளவு சத்தமாக இருக்கிறது என்று முதலில் எழுதியவருக்கே கேட்டுவிடும்.

பதில் வாங்குகிற பக்கத்துக்கு ஒரே ஒரு வேண்டுகோள். யாராவது உங்கள் வரியைத் தவறாகப் புரிந்துகொண்டால், உடனே பத்து வரி விளக்கம் எழுதாதீர்கள். "அப்படித் தெரிந்ததா, எந்தச் சொல்லால்?" என்று கேளுங்கள். அந்தச் சொல்தான் உங்களுக்கு வேண்டிய தகவல்.

சரி, பேசியது போதும், வேலை ஒன்று தருகிறேன். ஈற்றடி, அதாவது கடைசி அடி: "சொல்லாமல் போன மழை". வெண்பா எழுதுகிறவர்கள் மேலே மூன்றடி வைத்து முடியுங்கள். ஈற்றடி நேரசையில் தொடங்குகிறது, அதனால் மூன்றாம் அடியின் கடைசிச் சீர் விளத்திலோ ("கதிரவன்" போல) காயிலோ ("சொல்லாமல்" போல) முடிய வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். புதுக்கவிதைக்காரர்களும் ஹைக்கூக்காரர்களும் அதையே முதல் வரியாக வைத்துத் தொடங்கலாம். ஒரே நிபந்தனைதான். உங்களுடையதைப் போடுவதற்கு முன், உங்களுக்கு மேலே எழுதியவரின் ஒரு வரியை எடுத்துத் திருப்பி எழுதிவிட்டு, அதற்குக் கீழே உங்கள் கவிதையைப் போடுங்கள். முதலில் வருகிறவருக்கு மேலே யாரும் இருக்க மாட்டார்கள், அவருக்குப் பதில் நான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வரை நேரம் இருக்கிறது, அடுத்த வீடியோவில் உங்கள் கவிதைகளை வாசிக்கிறேன். எந்த இடத்தில் என் நாக்கு இடறுகிறது என்று நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்.