சிறை பார்க்க வந்தவர் கண்ட குடியரசு

அவையோர்க்கு வணக்கம். 1831 மே மாதம் நியூயார்க்கில் வந்திறங்கியபோது, பின்னாளில் அரசியல் சிந்தனையாளராகப் பெயர்பெற்ற பிரெஞ்சுக்காரர் அலெக்சிஸ் டி டோக்வில்லுக்கு வயது 25. அவரும் நண்பர் போமோனும் அமெரிக்கச் சிறைகளை ஆராய்ந்து அறிக்கை தருவதாகச் சொல்லித்தான் பிரெஞ்சு அரசிடம் அனுமதி பெற்றிருந்தார்கள். சிறைகளையும் பார்த்தார்கள்தான். ஆனால் பிரெஞ்சுப் புரட்சியில் கொள்ளுத்தாத்தாவைக் கில்லட்டின் என்னும் தலைவெட்டும் இயந்திரத்துக்குப் பறிகொடுத்த பிரபுக் குடும்பத்துப் பிள்ளைக்கு, மன்னரே இல்லாத நாடு அரை நூற்றாண்டாக எப்படி நிலைத்திருக்கிறது என்று நேரில் அறியும் ஆவலே பெரிதாக இருந்தது.

ஒரு லட்சம் பேர் இனிச் சாராயம் தொடுவதில்லை என்று பகிரங்கமாக உறுதி எடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டதும், முதலில் அதை அவர் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டார். வீட்டுக்குள் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போகவேண்டியதுதானே, இதற்கு ஊரைக் கூட்டுவானேன்? பிறகுதான் விளங்கியது. பிரான்சாக இருந்தால் அந்த ஒரு லட்சம் பேரும் மதுக்கடைகளைக் கண்காணிக்கச் சொல்லி அரசுக்குத் தனித்தனியே மனுப் போட்டிருப்பார்கள். இங்கோ தாங்களே கூடிக்கொண்டார்கள்.

கூடிக்கொள்ளும் அதே பெரும்பான்மையின் மறுபக்கத்தையும் அவர் விட்டுவிடவில்லை. பென்சில்வேனியாவில் அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் ஏன் வாக்களிக்க வருவதில்லை என்று உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேட்டார். உரிமை உண்டு, ஆனால் வந்தால் என்ன நடக்குமோ என்று அஞ்சுகிறார்கள், பெரும்பான்மைக்குப் பிடிக்காத சட்டத்துக்கு இங்கே பலமில்லை என்பதே பதிலின் சாரம். 1838-இல் அந்த மாநிலம் வாக்குரிமையை வெள்ளையருக்கு மட்டும் என்று எழுதியே வைத்துவிட்டது.

பயணம் வந்த அந்த 1831-ஆம் ஆண்டின் கடுங்குளிரில், மெம்பிஸ் நகரத்தருகே, சொந்த நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட சாக்டா பழங்குடியினர் மிசிசிப்பி ஆற்றைக் கடக்கப் படகேறுவதை அவர் பார்த்தார். நோயாளிகள், பிறந்த குழந்தைகள், சாகும் தறுவாயிலிருந்த முதியவர்கள். ஒருவர் வாயிலிருந்தும் அழுகுரல் எழவில்லை. கரையில் விடப்பட்ட நாய்கள் மட்டும், தங்களை நிரந்தரமாகப் பிரிகிறார்கள் என்று தெரிந்ததும் ஒருசேர ஊளையிட்டு, பனிக்கட்டி மிதந்த நீரில் பாய்ந்து படகின் பின்னால் நீந்தின. எல்லாம் ஒப்பந்தப்படி, சட்டப்படி நடந்தது என்பதுதான் அவரை உறுத்தியது.

இந்தக் கண்ணுக்கும் ஓர் எல்லை இருந்தது. பத்தாண்டு கழித்து, பிரான்ஸ் போரிட்டுக் கைப்பற்றிவந்த அல்ஜீரியாவைப் பற்றி எழுதியபோது, பிரெஞ்சுப் படை அங்கே விளைச்சலை எரிப்பதை வருந்தத்தக்க அவசியம் என்று அவரே ஒப்புக்கொண்டார்.