முலாம்பழம் இனிக்க: மலைச் சரிவில் உரமும் மூடாக்கும்

[காட்சி: சரிவு நிலத்தில் படர்ந்த முலாம்பழக் கொடி. பின்னால் தேயிலை மலை.]

வணக்கம். பதுளை, பசறை, ஹாலி-எல பக்கம் மரக்கறி போடுகிறவர்களுக்கான வீடியோ இது. முலாம்பழம் போட்டால் கொடி நன்றாகப் படரும், காயும் பிடிக்கும். வெட்டிப் பார்த்தால் சப்பென்று இருக்கும். உடனே விதை சரியில்லை என்று முடிவு கட்டிவிடுவோம். பெரும்பாலும் கோளாறு விதையில் இல்லை. மண்ணுக்கு என்ன போட்டோம், எப்போது போட்டோம், மண்ணை எதால் மூடினோம் என்பதில்தான் இருக்கிறது. உரம் போடுவதையும் மூடாக்கு, அதாவது மண்ணைப் புல்லாலோ தாளாலோ மூடுவதையும் தனித்தனி வேலையாக நினைக்கிறோம். சரிவு நிலத்தில் இரண்டும் ஒரே வேலை.

முதலில் இடம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், சராசரி வெப்பநிலை 16 பாகை அளவு. அங்கே திறந்த வெளியில் இந்தப் பயிர் வேண்டாம். இதற்குப் பகலில் 25 முதல் 30 பாகை தேவை. பதுளை நகரம் ஏறத்தாழ 680 மீற்றர்தான், சூடு போதும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றும் நமக்குச் சாதகம். நம் ஊவா மாகாணத் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுக்கும் அதே காற்று, பழுக்கிற முலாம்பழத்துக்கும் நல்லது. பழுக்கும் நேரத்தில் மழை பிடித்தால் இனிப்புக் குறையும், பழம் வெடிக்கும். மே மாதம் விதை போட்டால் 75 முதல் 90 நாளில் பழம். அது வறண்ட காலத்தில் வந்து விழும்.

[காட்சி: கையில் சிவந்த மண். பக்கத்தில் டொலமைட் மூட்டை.]

தேயிலை நின்ற மண் புளிப்பு மண். புளிப்பை அளப்பது பிஎச்; அது குறையக் குறையப் புளிப்பு கூடும். தேயிலைக்கு பிஎச் 4.5 முதல் 5.5 வரை பிடிக்கும், முலாம்பழத்துக்கு 6க்கு மேல் வேண்டும். நடுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே டொலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூளைப் போட்டுக் கிளறி விடுங்கள். அதில் கல்சியமும் மக்னீசியமும் இருக்கின்றன. எவ்வளவு என்பதை மண்ணைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். உங்கள் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள்.

மிஞ்சிய தேயிலை உரம் வீட்டில் கிடக்கிறது, அதையே தூவிவிடலாமா? வேண்டாம். தேயிலையில் நமக்கு வேண்டியது கொழுந்து, அதனால் அந்தக் கலவையில் நைதரசன் தூக்கலாக இருக்கும். முலாம்பழத்துக்கு அதைக் கொட்டினால் கொடி காடாக வளரும், காய் பிந்தும், இனிப்பு இறங்கும். தேயிலைக்குப் போடும் எப்பாவலைப் பாறைப் பொஸ்பேற்றும் இதற்குச் சரிவராது. அது புளிப்பு மண்ணில் மெல்ல மெல்லக் கரைவது. மூன்று மாதப் பயிர் அதுவரை காத்திருக்காது. அதற்குப் பதில் சீக்கிரம் கரையும் டிரிப்பிள் சூப்பர் பொஸ்பேற்றை நடும்போதே அடியில் கூட்டெருவோடு சேர்த்துப் போடுங்கள்.

இனிப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் மற்றது தானாகப் புரியும். வாழைக்காயில் மாச்சத்து இருக்கிறது, பறித்த பிறகு அது சீனியாக மாறும். முலாம்பழத்தில் அப்படிச் சேமிப்பு இல்லை. பறித்தபின் மிருதுவாகும், மணக்கும், இனிப்பு ஏறாது. கொடியில் இருக்கும் கடைசி இரண்டு வாரத்தில் இலை செய்து அனுப்பும் சீனிதான் எல்லாம். அதைப் பழத்துக்குக் கொண்டு சேர்க்கப் பொட்டாசியம் வேண்டும். ஆகவே நைதரசன் தரும் யூரியாவைச் சிறு சிறு பங்காக, காய் பிடிக்கும் வரை மட்டும் கொடுங்கள். காய் முஷ்டி அளவு வந்ததும் யூரியாவை நிறுத்திவிடுங்கள். பொட்டாசியம் தரும் பொட்டாஷ் உரத்தின் பெரிய பங்கு காய் பிடித்த பிறகு போகட்டும். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் வெட்டுவது பொட்டாஷைத்தான். என் கணிப்பில் சப்பென்ற பழத்துக்கு அதுவே பெரிய காரணம்.

[காட்சி: மழைக்குப் பிறகு கலங்கிய நீர் ஓடும் கான்.]

இதைப் பாருங்கள். வெறும் மண்ணில் போட்ட யூரியாவும் பொட்டாஷும் மழையில் கரைந்து இந்தக் கானில்தான் போகின்றன. மூடாக்கு இருந்தால் மழைத்துளி நேரே மண்ணை அடிக்காது. வெயில் காலத்திலோ ஈரம் நிற்கும். ஈரம் இல்லாத மண்ணில் உரம் இருந்தும் வேரால் எடுக்க முடியாது. ஈரம் ஏறி இறங்காமல் இருப்பதால் பழ வெடிப்பும் குறையும். பழம் மண்ணில் படாது, அடி அழுகாது.

எதால் மூடுவது? மானாப் புல் நம்மிடம் தாராளமாக இருக்கிறது. பழைய தேயிலையைப் பிடுங்கிய மலைகளில் மண்ணைத் தேற்ற வளர்ப்பதும் அதைத்தானே. விதை கட்டுவதற்கு முன் வெட்டி, காயவைத்துப் போடுங்கள். ஆனால் புல் மண்ணைக் குளிர வைக்கும். சமவெளியில் அது வரம், மலையில் இளஞ்செடிக்குத் தடை. மண் சூடேறிக் கொடி ஓடத் தொடங்கிய பிறகே பரப்புங்கள், நாலு விரல் தடிப்புக்கு. தண்டை ஒட்டி வேண்டாம். நத்தை வருகிறதா என்று காலையில் புல்லைத் தூக்கிப் பாருங்கள்.

கொஞ்சம் உயரமான இடமென்றால் கறுப்புப் பொலித்தீன் நல்லது, மண்ணைச் சூடாக்கும். வெள்ளி நிறம் மேலே இருக்கும் தாள் அசுவினியையும் வெள்ளை ஈயையும் விரட்டும், அவை கொண்டுவரும் வைரஸ் நோயும் பிந்தும். அடியுரத்தையும் கூட்டெருவையும் தாள் விரிக்கும் முன்பே பாத்தியில் சேர்க்க வேண்டும். அறுவடை முடிந்ததும் தாளை முழுதாகச் சுருட்டி எடுங்கள். கிழிசல் மண்ணில் தங்கினால் அடுத்த போகத்துக்குத் தொல்லை.

[காட்சி: வெட்டிய பழம், சாறு ஒரு துளி சீனிமானியில்.]

வலைப்பின்னல் தோல் உள்ள வகைகளில், காம்பைச் சுற்றி வெடிப்பு விழுந்து இலேசாகத் தொட்டாலே கழன்று வந்தால் பறிக்கலாம். சீனிமானியில் பிரிக்ஸ், அதாவது சாற்றின் இனிப்பு அளவு, 9 வந்தால் நல்ல பழம், 11 தாண்டினால் மிக நல்ல பழம். ஒவ்வொரு பாத்தியிலும் ஒன்றை வெட்டிப் பார்த்து, எந்தப் பாத்திக்கு எப்போது என்ன போட்டீர்கள் என்பதோடு எழுதி வையுங்கள்.