மீட் ஏரிக்குத் திரும்பும் ஓடை

அவையோருக்கு வணக்கம். அமெரிக்காவின் மீட் ஏரிப் படங்களில் பாறை முழுக்க வெள்ளைப் பட்டை ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் இறங்க இறங்க விட்டுப்போன சுண்ணாம்புப் படிவு அது. 1983இல் இந்த ஏரியைத் தேக்கி நிற்கும் ஹூவர் அணையில் மிகைநீர் வழிந்தது; 2022 ஜூலையில் அதே ஏரியின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,040 அடிக்குச் சரிந்துவிட்டது.

வறட்சி ஒரு காரணம். கணக்கு இன்னொரு காரணம். 1922இல், இந்த ஏரிக்கு நீர் தரும் கொலராடோ ஆற்றை ஏழு மாநிலங்களுக்குப் பங்கு போட்டவர்கள், நல்ல மழை பெய்த ஆண்டுகளை வைத்தே வரவு எழுதினார்கள். அந்தக் கதையை எடுத்தால் விடிந்துவிடும். நான் பேச வந்தது ஒரு ஓடையைப் பற்றி.

ஏரியைச் சுற்றி வறண்ட ஓடைகள் ஏராளம். பெரும்பாலான நாட்கள் வெறும் மணலும் கூழாங்கல்லும்தான், ஓரத்தில் முள்மரங்கள். கோடையில் தொலைவிலுள்ள மலையில் இடியோடு மழை கொட்டினால், நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே சேற்றுக் குழம்பாக வெள்ளம் பாய்ந்து வரும். வந்த வேகத்தில் வடிந்தும் போகும்.

லாஸ் வேகாஸ் ஓடை மட்டும் வற்றுவதில்லை. உபயம், நகரத்துச் சாக்கடை! சுத்திகரித்த கழிவுநீர் அதன் வழியாகத்தான் ஏரிக்குப் போகிறது. லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் பங்கு ஆண்டுக்கு 3 லட்சம் ஏக்கர் அடிதான் (ஒரு ஏக்கர் பரப்பில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஒரு ஏக்கர் அடி). ஆனால் ஏரிக்கு எவ்வளவு திருப்பி விடுகிறார்களோ, அவ்வளவைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். சூதாட்ட விடுதியில் ஒருவர் எவ்வளவு நேரம் குளித்தாலும் அந்தத் தண்ணீர் ஏரிக்கே வந்து சேரும். புல்லுக்குப் பாய்ச்சியது வராது. அதனால்தான் 2021இல் சட்டம் போட்டார்கள்: சாலை நடுவிலும் அலுவலக வாசலிலும் அழகுக்கு வளர்க்கும் புல்லுக்கு 2027 முதல் ஆற்றுத் தண்ணீர் கிடையாது. தனி வீடுகளைத் தொடவில்லை, ஓட்டு வேண்டுமே!

ஓயாத நீரோட்டம் ஓடையின் படுகையை ஆழமாக அரித்தது. ஈரநிலங்கள் அழிந்தன, மண் ஏரிக்குப் போனது. பிறகு 20க்கும் மேற்பட்ட தடுப்பணைகள் கட்டி வேகத்தைக் குறைத்தார்கள். நாணலும் பறவைகளும் திரும்பின.

இதைப் பார்த்து மற்ற மாநிலங்களும் செய்யட்டும் என்று சொல்ல வழியில்லை. ஆண்டுக்கு 44 லட்சம் ஏக்கர் அடி உரிமையுள்ள கலிபோர்னியாவில், இம்பீரியல் பள்ளத்தாக்கு வயல்களின் வடிநீர் சால்டன் ஏரிக்குப் போகிறது. கடலோர நகரங்களின் கழிவுநீரில் பெரும்பகுதி பசிபிக்கில் கலக்கிறது. மீட் ஏரிக்குத் திருப்பிவிட அங்கே ஓடை இல்லை.