சந்தைக்குப் போகும் முன் காட்டை ஒரு சுற்று நடங்கள்

நேயர்களுக்கு வணக்கம். முதன்முதலாக மாடு வாங்குகிறவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று நிலையத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் கால்நடை மருத்துவர் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருடம் கணக்கு எழுதிவிட்டு, மூலனூர்ப் பக்கம் அப்புச்சி (அம்மாவின் அப்பா) விட்டுப்போன 12 ஏக்கர் கொறங்காட்டுக்கு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டுக்கு, திரும்பியவள். இப்போது அங்கே ஐந்து காங்கேயம் இன நாட்டுப் பசுக்கள் மேய்கின்றன. முதலில் வாங்கியது ஏழு. அதில் நாலு போய், பிறகு இரண்டு வந்து ஐந்தாயிற்று. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு ஊரெல்லாம் நாட்டுமாட்டு ஆசை பிடித்தது ஞாபகம் இருக்கும். எனக்கும் பிடித்தது. கையில் பி.எஃப். பணம் இருந்தது. சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு இரண்டு வாரத்தில் மூன்று சந்தை ஏறி இறங்கினேன். தரகர் சித்தப்பாவின் கையைப் பிடித்துத் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுகிறார். மேலே இரண்டு பேர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அந்த வித்தையே பெரிதாகத் தெரிந்ததால், மாட்டை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. "மூணு மாசச் சினைங்க அம்மிணி, கண்ணை மூடிட்டுப் பிடிச்சுட்டுப் போங்க" என்றார். கண்ணை மூடிக்கொண்டுதான் பிடித்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள் ஒரு பசு தீனி எடுக்கவில்லை. வாயில் நூல் நூலாக எச்சில். காலைத் தூக்கித் தூக்கி உதறுகிறது. குளம்புப் பிளவில் புண். கோமாரி. சந்தையிலிருந்து வந்த மாட்டை நேராகக் கொண்டுபோய் மற்ற மாடுகளோடு கட்டியது என் தப்பு. ஒரு வாரத்தில் ஏழுக்கும் வந்தது, பக்கத்துத் தோட்டத்து மாட்டுக்கும் வந்தது. அவர்கள் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. நியாயம்தானே? புதிதாக எந்த மாடு வந்தாலும் மூன்று வாரமாவது தனியாகக் கட்டுங்கள். தண்ணீர்த் தொட்டியும் தனியாக இருக்கட்டும். கோமாரித் தடுப்பூசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசாங்கமே இலவசமாகப் போடுகிறது. காதில் மஞ்சள் வில்லை இருந்தால், அதிலுள்ள 12 இலக்க எண்ணைக் கால்நடை மருந்தகத்தில் காட்டி ஊசி போட்டதா என்று கேட்டுக்கொள்ளலாம். மாடு வாங்கியதும் அந்த எண்ணை உங்கள் பேருக்கு மாற்றிக்கொள்ளவும் மறக்க வேண்டாம்.

மூன்று மாதச் சினை என்றாரே, மருத்துவர் கையைவிட்டுப் பார்த்தார். ஒன்றும் இல்லை. இதைப் பணம் கொடுக்கும் முன்பே பார்த்திருக்க வேண்டும். அதற்குச் சம்மதிக்காதவரிடம் மாடு வாங்காதீர்கள்.

நோய், ஏமாற்று இதெல்லாம்கூடப் பரவாயில்லை, சமாளித்துவிடலாம். என்னைச் சாய்த்தது தீனிக் கணக்கு. அத்தனை வருடம் கணக்கு எழுதியவளுக்கு இந்தக் கணக்கு மட்டும் தோன்றவில்லை பாருங்கள். ஒரு பசு 300 கிலோ என்று வையுங்கள். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு காய்ந்த தீனி வேண்டும். நாளுக்கு ஏழரைக் கிலோ. ஏழு மாட்டுக்கு 52 கிலோ. பங்குனியிலிருந்து ஆனிவரை காட்டில் புல் இருக்காது. அந்த நாலு மாதத்துக்கு 6 டன்னுக்கு மேல் சோளத்தட்டு வேண்டும். என்னிடம் இருந்த தட்டுப் போர் 2 டன் தேறியிருந்தால் அதிகம். வைகாசியில் விலா எலும்பு எண்ணுகிற மாதிரி ஆகிவிட்டன. நாலு மாட்டை ஓட்டிக்கொண்டு அதே சந்தைக்குப் போனேன். மெலிந்த, சினை இல்லாத பசுவுக்குச் சந்தையில் விலை வைப்பவர் கறி வியாபாரிதான். கண்ணாலேயே எடை போட்டுவிடுகிறார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்றைக்கு அந்தச் சந்தையில் சரியாகக் கணக்குப் போட்ட ஒரே ஆள் அவர்தான். வரும் வழியில் சித்தப்பா ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம்தான் காட்டைச் சுற்றி நடந்து பார்த்தேன். கொறங்காடு என்றால் சும்மா போட்ட நிலம் என்றுதான் டவுனில் நினைக்கிறார்கள். நம் பக்கம் மழை வருடத்துக்கு 600 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். அந்த மழைக்கென்றே முன்னோர் பழக்கி வைத்த மேய்ச்சல் காடு அது. கீழே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை முள்வேலி. வெயில் காலத்தில் வெள்வேலங்காய் உதிரும். மாடு பொறுக்கித் தின்னும். சாணியோடு விழுந்த விதை அடுத்த மழைக்கு முளைக்கும். நல்ல வேலி இருந்தால் மேய்க்க ஆள் வேண்டாம். என் வேலியில் ஏழெட்டு இடத்தில் ஆள் நுழைகிற சந்து இருந்தது. அதில் ஒன்றின் வழியாகத்தான் ஒரு பசு ராத்திரியோடு ராத்திரியாகப் புறப்பட்டு, தாராபுரம் ரோட்டைத் தாண்டித் தன் பழைய கட்டுத்தறிக்கே போய் நின்றுகொண்டது. காலையில் பழைய சொந்தக்காரர் போன் பண்ணி, "உங்க மாடு இங்க வந்து தண்ணி குடிச்சுட்டு இருக்குதுங்க" என்றார்.

அடுத்து வந்த ஐப்பசி மழைக்கு முன் சந்துகளில் கிளுவைக் குச்சி நட்டேன். காட்டை மூன்றாகத் தடுத்து, ஒன்றில் மேயும்போது மற்ற இரண்டில் புல்லை விதை விடவிட்டேன். ஒரு வருடம் புதிதாக மாடே வாங்கவில்லை. அப்புறம் அந்தப் போன் பண்ணியவரிடமே போய் இரண்டு கிடாரி, அதாவது இன்னும் கன்று ஈனாத இளம் பசு, கேட்டேன். சந்தையில் ஏழு வீட்டு மாட்டை வாங்குவதைவிட ஒரே பட்டியில் இரண்டு வாங்குவது மேல். தாயைப் பார்க்கலாம், எத்தனை ஈத்து ஈன்றது என்று கேட்கலாம், ஒன்றோடொன்று முட்டாது. பல்லும் பார்த்தேன். பால் பல் விழுந்து முன்னால் இரண்டு நிரந்தரப் பல் முளைத்திருந்தால் இரண்டரை வயது சுமார். முன்பல் எட்டும் அப்படி நிரந்தரமாகிவிட்டால் வயது ஐந்தை நெருங்கிவிட்டது. மாட்டின் உடம்பில் முடி சுழித்திருக்கும் இடத்தை வைத்து ராசி சொல்வார்களே, அந்தச் சுழியும் பார்த்தேன். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் நாளைக்கு என்னிடம் வாங்க வருகிறவருக்கு இருக்குமே.

பால் வருமானத்தை நம்பி இந்த மாட்டை வாங்குகிறவர்களிடம் நான் நேராகவே சொல்லிவிடுவேன்: வேண்டாம். கன்றுக்குப் போக நாளுக்கு இரண்டு லிட்டர் கறந்தால் சந்தோஷம். இதில் வரும்படி கன்றுதான், அப்புறம் சாணி. சினைக்காலம் ஒன்பது மாதம் பத்து நாள் என்பதால், கவனமாக இருந்தால் பதினாலு பதினைந்து மாதத்துக்கு ஒரு கன்று பார்க்கலாம். பசு சினைக்குத் தயாராகும் பருவத்தைத் தவறவிட்டால் இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 21 நாளுக்கும் தட்டு தின்னும்.

காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். எங்கள் வீட்டில் முதல் கன்று விழுந்தபோது, தரகர் இதிலும் ஏமாற்றிவிட்டாரோ என்று பயந்தே போனேன். சித்தப்பா சிரித்தார். ஆறு மாதத்தில் முகத்திலிருந்து சாம்பல் நிறம் ஏற ஆரம்பித்தது. ஒவ்வொரு நாள் காலையிலும் போய்ப் பார்ப்பேன்.

அந்தக் காளைக்கன்றை இந்தச் சித்திரையில் கண்ணபுரம் தேர்த் திருவிழாச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனோம். இந்த முறை துண்டுக்குள் கையை விட்டது நான். விலை படிந்தது. வாங்கியவர் புதுக்கயிறு போட்டுக் கன்றைப் பிடித்துக்கொண்டு போனார். பழைய கயிறு வீட்டில் ஆணியில் தொங்குகிறது.